விலங்கு மிதவையுயிரிகளின் உயிர்வேதிப் பகுப்பாய்வு: எண் இடித்தால் எங்கே பார்ப்பது

வெப்பமண்டலக் கடலில் வலை இழுத்துப் பிடித்த விலங்கு மிதவையுயிரிகளில் (நீரோட்டத்தோடு மிதந்து வாழும் சிறு விலங்குகளில்) புரதம், கொழுப்பு, கார்போஹைட்ரேட், சாம்பல், ஈரப்பதம் அளப்பவர்களுக்கான குறிப்பு இது. எண் சரியாக வராதபோது பெரும்பாலோர் முதலில் வேதிப்பொருளைத்தான் சந்தேகிக்கிறார்கள். புதுப் பாட்டில் வாங்கி, புதிதாகக் கரைசல் கலக்கி, அதே எண்ணை மறுபடியும் பெறுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்: மாதிரியைக் கழுவிய விதம், உலர்த்திய விதம், எடை போட்ட விதம். ஈரப்பதத்தைத் தவிர எல்லாச் சதவீதங்களும் உலர் எடையால் வகுத்து வருபவை. அந்த எடை தவறினால் அத்தனையும் தவறும். ஆகவே எந்த அறிகுறியானாலும் எடையில் தொடங்குங்கள், நிறம் பார்த்து அளக்கும் சோதனைகளுக்கு அப்புறம் வரலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தோராய அளவு. கோபிபாடுகள் (இறாலின் உறவான மிகச் சிறு ஓடுடலிகள்) மிகுந்த வெப்பமண்டல மாதிரியின் ஈர எடையில் நீர் 80 முதல் 88 சதவீதம் இருக்கும். உலர் எடையில் புரதம் பொதுவாக 40 முதல் 60, கொழுப்பு 5 முதல் 20, சாம்பல் 5 முதல் 20, கார்போஹைட்ரேட் பெரும்பாலும் 5 சதவீதத்துக்குள். சொறிமுட்டை, சால்ப், சீப்புச்சொறி போன்ற கூழுடலிகளில் நீர் 95 சதவீதத்தைத் தாண்டும். உலர் எடையில் பாதிக்கு மேல் சாம்பலாகவே இருக்கும். குளிர்க்கடல் கோபிபாடுகளைப் பற்றிய கட்டுரைகளில் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு என்று படித்திருப்பீர்கள். அதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வெப்பமண்டலத்தின் மேல்மட்ட நீரில் வாழும் கோபிபாடுகள் அவ்வளவு கொழுப்பைச் சேர்த்துவைப்பதில்லை; அவற்றின் உடல் புரதத்தால் ஆனது.

## அறிகுறி: சாம்பல் அதிகம், மற்றதெல்லாம் குறைவு

அதிகம் வருவது இதுதான். புரதம், கொழுப்பு இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்து, சாம்பல் மட்டும் ஏறியிருந்தால் சோதனை முறையைத் தொடவே தொடாதீர்கள்.

### அ. கடல் உப்பு

உலர்ந்த மாதிரியை ஓவனிலிருந்து எடுத்ததும் அலுமினியத் தாள் கிண்ணத்தோடு நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். கிண்ணத்தின் ஓரத்திலும் உணர்கொம்புகளுக்கு இடையிலும் சின்னச் சின்னக் கனசதுரங்கள் மின்னினால் அது உப்பு. வேறு சோதனை தேவையில்லை.

இது எவ்வளவு கெடுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிராம் ஈர எடையுள்ள கோபிபாடுகள், உலர்ந்தால் 150 மி.கி. என்று வைப்போம். அவற்றின் இடுக்குகளில் அரை கிராம் கடல்நீர் தங்கியிருந்தால், 35 உவர்ப்பில் அது விட்டுச்செல்லும் உப்பு சுமார் 17 மி.கி. உண்மையில் 50 சதவீதமாக இருந்த புரதம் 45 ஆக இறங்கிவிடும். புரதத்தில் எந்தக் கோளாறும் இல்லை. வகுத்த எண்தான் பெருத்துவிட்டது.

சரிசெய்யும் வழி: மாதிரியைச் சல்லடைத் துணியில் வடித்து, காய்ச்சி வடித்த நீரைச் சில விநாடிகள் மட்டும் ஊற்றி, உடனே அடியிலிருந்து நீரை ஒற்றி எடுங்கள். நீண்ட நேரம் கழுவினால் செல்கள் வெடித்து, கரையக்கூடிய புரதமும் அமினோ அமிலங்களும் நீரோடு போய்விடும். கடல்நீருக்குச் சமமான சவ்வூடு அழுத்தமுள்ள அம்மோனியம் ஃபார்மேட் கரைசலில் கழுவுவது இதைவிட நல்லது. ஆனால் நைட்ரஜன் அளக்கப்போகிறீர்கள் என்றால் அது முழுதாக ஆவியாகும் வரை உலர்த்த வேண்டும்.

கழுவுவதை உறையவைக்கும் முன்பே முடித்துவிடுங்கள். உறைந்து உருகிய மாதிரியைக் கழுவினால் உடைந்த செல்களிலிருந்து கசிந்த எல்லாம் சேர்ந்து கழிந்துவிடும். உருகும்போது அடியில் தேங்கும் இளஞ்சிவப்பு நீரைக் கீழே ஊற்றாதீர்கள், அதுவும் மாதிரிதான்.

### ஆ. கூழுடலிகள் கலந்திருப்பது

எவ்வளவு கழுவினாலும் சாம்பல் குறையவில்லையா? ஈர மாதிரியின் ஒரு பங்கை எடுத்து வகைபிரித்துப் பாருங்கள். சொறிமுட்டையின் உடல்நீரே கிட்டத்தட்ட கடல்நீர் அளவுக்கு உப்பானது. அதை வெளியே கழுவ முடியாது. உலர்ந்தபின் கிண்ணத்தின் அடியில் கண்ணாடித் தாள் போல ஒட்டிக்கொண்டு, சுரண்டினால் செதிலாக வருவது அதுதான். இதைத் திருத்தத் தேவையில்லை, பிரித்து எழுத வேண்டும். கூழுடலிகளைத் தனியாக, ஓடுடையவற்றைத் தனியாக அளந்து வெளியிடுங்கள். 'மொத்த மிதவையுயிரி' என்ற ஒற்றை எண்ணில் இரண்டையும் கலந்தால் அந்த எண் எதையும் சொல்லாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

### இ. சுண்ணாம்பு ஓடு

சாம்பல் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் கார்பனேட் இருக்கிறது: டெரோபாடுகள் (நீந்தும் கடல் நத்தைகள்), ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள ஒருசெல் உயிரிகள்), சிப்பி மற்றும் நத்தைகளின் இளவுயிரிகள். இந்த மாதிரியைக் கார்பன் பகுப்பாய்வுக்கு அனுப்பும் முன் அமில ஆவியில் வைத்துக் கார்பனேட்டை நீக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டிலுள்ள கார்பனும் உடலின் கார்பனாகக் கணக்கில் ஏறும்.

### ஈ. உலை

இவை எதுவும் இல்லையென்றால் உலையைப் பாருங்கள். 450 முதல் 500 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் எரித்தபின் சாம்பல் வெளிர் சாம்பல் அல்லது வெண்மையாக இருக்க வேண்டும். கறுப்பு ஒட்டியிருந்தால் எரிவு முடியவில்லை; மறுபடி வையுங்கள். வெப்பத்தைக் கூட்டி அவசரப்படுத்த வேண்டாம். அதிக வெப்பத்தில் கார்பனேட் சிதையும், உப்பில் ஒரு பகுதி ஆவியாகும், அப்புறம் சாம்பல் குறைவாக வரும். உலையின் திரை காட்டும் வெப்பமும் உள்ளே இருப்பதும் வேறாக இருப்பதாகத் தோன்றினால் கருவியின் அளவைச் சரிபார்த்துத் திருத்துபவரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது.

## அறிகுறி: எடை நிற்கவே மாட்டேன் என்கிறது

தராசின் கடைசி இலக்கம் மேலே மேலே ஏறிக்கொண்டே இருந்தால் மாதிரி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. உப்பு மிகுந்த மாதிரியில் இது கண்முன்னே நடக்கும். டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) உள்ள சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள்; நிறம் மாறியிருந்தால் அதை ஓவனில் வைத்து மீட்டெடுங்கள். கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து எடை போடுங்கள், பத்தையும் ஒரே தட்டில் வெளியே வைத்துக்கொண்டு அல்ல.

எடை கீழே இறங்கிக்கொண்டிருந்தால் மாதிரி இன்னும் உலரவில்லை. 60 டிகிரியில் ஒரு நாள் வைத்து எடை போட்டு, மறுபடி சில மணி நேரம் வைத்து எடை போடுங்கள். இரண்டும் ஒன்றானால் போதும். 100 டிகிரிக்கு மேல் ஏற்றினால் சீக்கிரம் உலரும், உண்மைதான். ஆனால் கொழுப்பும் புரதமும் மாறத் தொடங்கும். கொழுப்பு அளக்கும் பங்கை உறைநிலை உலர்த்தியில் வைப்பதே நல்லது.

கூழுடலிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 60 டிகிரியில் எடை நின்றபின்னும் உப்போடு பிணைந்த நீர் கொஞ்சம் தங்கியிருக்கும். உலையில்தான் அது போகும். அந்த இழப்பையும் 'எரிந்த கரிமப்பொருள்' என்று எண்ணிவிடுவீர்கள். ஆகவே கூழுடலிகளில் உலர் எடையிலிருந்து சாம்பலைக் கழித்துக் கரிமப்பொருளைச் சொல்லாதீர்கள். கார்பனை நேரடியாக அளந்து சொல்லுங்கள்.

வெறும் கிண்ணத்தின் எடையே ஒவ்வொரு முறையும் மாறினால் தராசு வைத்திருக்கும் மேசையும் காற்றோட்டமும் காரணமாகலாம். அதையும் சரிசெய்த பிறகு, தெரிந்த எடைக்கல்லை வைத்தும் தவறினால், தராசு பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டியதுதான்.

## அறிகுறி: புரதம் குறைவு

1951இல் லோரியும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட, புரதத்தை நீல நிறமாக்கி அளக்கும் முறையைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். கீழே உள்ளது அந்த முறைக்கே.

ஸ்டாண்டர்ட் கோடு (அளவு தெரிந்த புரதத்தை வைத்துப் போடும் ஒப்பீட்டுக் கோடு) சரியாக வருகிறதா? வரவில்லை என்றால் கரைசலில் கோளாறு. நீல நிறம் தரும் ஃபோலின் கரைசலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சை ஓடியிருந்தால் பயன்படாது. காரக் கரைசலும் தாமிரக் கரைசலும் கலந்த கலவையை அன்றன்றே தயாரியுங்கள். ஃபோலின் சேர்த்த கணமே குழாயைக் கலக்க வேண்டும். காரத்தில் அதற்கு ஆயுள் மிகக் குறைவு. எல்லாக் குழாய்களிலும் வரிசையாக விட்டுவிட்டு அப்புறம் கலக்கினால் முதல் குழாயும் கடைசிக் குழாயும் ஒன்றுபோல் நிறம் காட்டாது.

ஸ்டாண்டர்ட் சரி, மாதிரி மட்டும் குறைவா? அப்படியானால் புரதம் வெளியே வரவில்லை. கோபிபாடின் ஓடு எளிதில் விட்டுக்கொடுக்காது. அரைத்த கலவையில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள்: முழு உடல்கள், தசை நார் நிரம்பிய கால்கள் தெரிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் வைத்து, தேவையானால் மிதமாகச் சூடாக்கி, மறுபடி அளந்து பாருங்கள். மீதிப் படிவை இரண்டாம் முறை காரத்தில் இட்டு அளந்தால் இன்னும் நிறம் வருகிறதா என்பது தெரியும். வந்தால் முதல் பிரித்தெடுப்பு போதவில்லை.

இரண்டும் சரியா? மாதிரியின் வரலாற்றைக் கேளுங்கள். ஃபார்மலினில் இருந்ததா? இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது இனம் காணப் பயன்படும், வேதியியலுக்குப் பயன்படாது. வலையின் வால்கலத்தில் (பிடிபட்டவை சேரும் நுனிக் கலத்தில்) வெயிலில் நேரம் கழித்ததா? வெப்பமண்டல நீரின் சூட்டில் இறந்த உயிரியின் நொதிகள் உடலை விரைவாகச் சிதைக்கும். இதற்கெல்லாம் ஆய்வகத்தில் மருந்து இல்லை. மறுபடி பிடித்து, வலை ஏறியதும் பனிக்கட்டியில் வைத்து, அன்றே உறையவைக்க வேண்டும்.

## அறிகுறி: புரதம் அதிகம்

70 சதவீதத்தைத் தாண்டினால் கொண்டாடாமல் க்யூவெட்டை (நிறம் அளக்கும் சின்னக் கலத்தை) வெளிச்சத்தில் பிடியுங்கள். நீலம் தெளிவாக இருக்கிறதா, பால் கலந்தது போல மங்கலாக இருக்கிறதா? மங்கல் என்றால் மறுபடியும் உப்புதான்: கடல்நீரின் மக்னீசியமும் கால்சியமும் காரத்தில் வெண்படிவாக இறங்கி ஒளியைச் சிதறடிக்கின்றன, கருவி அதை நிறமாக வாசிக்கிறது. சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி மேல்நீரை மட்டும் அளந்து பாருங்கள்.

தெளிவாக இருந்தும் அதிகம் என்றால், அரைக்கப் பயன்படுத்திய கரைசலில் டிரிஸ், ஈ.டி.டி.ஏ., மெர்காப்டோஎத்தனால், டிடர்ஜென்ட் ஏதாவது இருந்ததா என்று பாருங்கள். இவையெல்லாம் லோரி முறையைக் குழப்பும். மாதிரி இல்லாமல் அந்தக் கரைசலை மட்டும் பிளாங்க்காக ஓட்டினால் உடனே தெரிந்துவிடும்.

நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கிப் புரதம் கணக்கிடுகிறீர்களா? அது எப்போதும் ஏற்றியே காட்டும். ஓட்டின் கைட்டினில் ஏறக்குறைய 7 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. தனி அமினோ அமிலங்களிலும் நியூக்ளிக் அமிலங்களிலும் இருக்கிறது. நாக்டிலூக்கா (இரவில் ஒளிரும் ஒருசெல் உயிரி) கலந்த மாதிரியில் அதன் குமிழறை நிறைய அம்மோனியம் இருக்கிறது. லோரிக்கும் நைட்ரஜன் கணக்குக்கும் உள்ள இடைவெளியைப் பிழை என்று நினைத்துத் திருத்த முயலாதீர்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். எந்தப் புரதம் எவ்வளவு என்பதே கேள்வியானால் அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செலவு அதிகம், ஆனால் வேறு குறுக்குவழி கிடையாது.

## அறிகுறி: கொழுப்பு அதிகம்

கொழுப்பைக் குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையில் கரைத்தெடுத்து, உலர்த்தி, எடை போட்டு அளக்கும் முறையில்தான் இது வரும். ஃபோல்ச் 1957இல் தந்த முறையானாலும், பிளையும் டையரும் 1959இல் தந்த முறையானாலும் சோதனை ஒன்றே: உலர்ந்த கொழுப்பின் மீது கொஞ்சம் சுத்தமான குளோரோஃபார்ம் ஊற்றிச் சுழற்றுங்கள். கரையாமல் அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது கொழுப்பல்ல. உப்பு, புரதம், சர்க்கரை. மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவில் பஞ்சுபோல நிற்கும் புரதப் படலத்தைப் பிப்பெட் உறிஞ்சியிருக்கும், அல்லது உப்புக்கரைசலில் கழுவும் படி விட்டுப்போயிருக்கும்.

எல்லாம் கரைந்துவிட்டதா? மாதிரியே இல்லாமல் முழு முறையையும் ஓட்டி, வெறும் கரைப்பானை ஆவியாக்கி எடை போடுங்கள். அதில் எடை வந்தால் பிளாஸ்டிக் காரணம். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக் குழாயிலிருந்து பிளாஸ்டிசைசரைக் கரைத்துக் கொண்டுவரும். கண்ணாடியும் டெஃப்லான் மூடியும் மட்டும் பயன்படுத்துங்கள். குளோரோஃபார்ம் வேலையெல்லாம் புகைக்கூண்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

அதுவும் சரி என்றால் மாதிரியில் மீன் முட்டைகளும் குஞ்சுகளும் இருக்கிறதா, இரவில் மேலே வரும் ஆழ்நீர் வகைகள் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் எண் உண்மையாகவே இருக்கலாம்.

## அறிகுறி: கொழுப்பு குறைவு, அல்லது மாதத்துக்கு மாதம் தேய்கிறது

சேமித்த மாதிரியில் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போனால் உறைபெட்டியைப் பாருங்கள். மைனஸ் 20 டிகிரியில் கொழுப்பைச் சிதைக்கும் நொதிகள் முழுதாக ஓய்வதில்லை. மைனஸ் 80 வேண்டும், அதுவும் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி. மெல்லடுக்கு நிறச்சாரல் தட்டில் (கொழுப்பு வகைகளைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் தட்டில்) ஓட்டிப் பார்த்தால் தனிக் கொழுப்பு அமிலப் பட்டை தடித்திருப்பது கண்ணுக்கே தெரியும். அந்தப் பட்டை தடித்த மாதிரியிலிருந்து கொழுப்பு வகைகளின் விகிதத்தை எழுதவே கூடாது.

புதிய மாதிரியிலேயே குறைவா? பிளை–டையர் முறையில் மாதிரிக்குள் இருக்கும் நீரையும் கணக்கில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் 1:2:0.8 என்ற விகிதத்தில்தான் ஒரே திரவமாக நிற்கும். ஈர மாதிரியே நிறைய நீர் கொண்டுவருகிறது. அதை மறந்தால் அடுக்குகள் முன்கூட்டியே பிரிந்துவிடும். கொழுப்பு மிகுந்த மாதிரியில் இந்த முறை குறைத்துக் காட்டும், அங்கே ஃபோல்ச்சுக்கு மாறுங்கள். கொழுப்பை வெனிலினால் நிறமாக்கி அளக்கும் முறையானால் ஸ்டாண்டர்டைச் சந்தேகியுங்கள்: இரட்டைப் பிணைப்பு இல்லாத கொழுப்பு நிறமே தராது, ஆகவே கொலஸ்டிராலில் போட்ட கோடும் எண்ணெயில் போட்ட கோடும் வெவ்வேறு விடை தரும்.

எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று வேண்டுமானால் வாயு நிறச்சாரல் கருவி உள்ள ஆய்வகம்தான் வழி. அனுப்பும்போது ஆக்சிஜனேற்றத் தடுப்பி எது சேர்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அதுவும் ஓர் உச்சமாகத் தெரியும்.

## அறிகுறி: கார்போஹைட்ரேட் அதிகம்

சர்க்கரையை நிறமாக்கி அளக்க டுபுவா 1956இல் தந்த ஃபீனால்–கந்தக அமில முறை நம்பகமானது. 10 சதவீதத்தைத் தாண்டினால் மாதிரிக்குள் வேறெதுவோ இருக்கிறது. பெரும்பாலும் தாவர மிதவையுயிரி: கொழுப்புச் சாறு பச்சையாக இருந்தால் அதுதான். டையாட்டம் சங்கிலிகளோ டிரைக்கோடெஸ்மியம் கற்றைகளோ வலையில் சிக்கியிருக்கும். இல்லையென்றால் பஞ்சு, தாள் துடைப்பான், வடிதாளின் நார். செல்லுலோஸ் ஒரு நூலிழை போதும். கண்ணாடிநார் வடிப்பானுக்கு மாறுங்கள்.

இரட்டை மாதிரிகள் ஒத்துப்போகவில்லை என்றால் அமிலம் விடும் வேகம் ஒரே மாதிரி இல்லை. அடர் அமிலம் நீரின் மேற்பரப்பில் வேகமாக விழ வேண்டும், அந்தச் சூட்டில்தான் நிறம் வருகிறது. கண்ணையும் முகத்தையும் மறைக்கும் கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். குழாயில் குமிழ் பொங்கினால் உப்பு கழுவப்படவில்லை. குளோரைடு அமிலத்தோடு சேர்ந்து வாயுவாகிறது. கைட்டின் இந்த முறையில் தெரியாது, அதை இதில் தேட வேண்டாம்.

## அறிகுறி: கூட்டுத்தொகை இடிக்கிறது

நூறைத் தாண்டினால் முதலில் தாளை எடுங்கள். ஓர் எண் ஈர எடையிலும் மற்றது உலர் எடையிலும் இருக்கலாம், அல்லது நீர்த்தல் மடங்கு ஒரு தடவை கூடுதலாகப் பெருக்கப்பட்டிருக்கும். அதன்பின் நைட்ரஜன் வழிப் புரதம். அநேகமாக அங்கேயே முடிந்துவிடும்.

நூறுக்குக் கீழே நிற்பது நோயல்ல. கைட்டின், தனி அமினோ அமிலங்கள், நியூக்ளிக் அமிலங்கள், பிணைந்த நீர் எதையும் நீங்கள் அளக்கவில்லை. அளந்த எண்களை இழுத்து நூறாக்கி வெளியிடுவதை மட்டும் செய்யாதீர்கள். படிப்பவர் எதைக் காணவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் வழியை அது அடைத்துவிடும்.

## அறிகுறி: கார்பன்–நைட்ரஜன் விகிதம் நம்பும்படி இல்லை

எடை விகிதத்தில் வெப்பமண்டல ஓடுடலிகள் பெரும்பாலும் 4ஐ ஒட்டி நிற்கும். தூய புரதமே 3.2 அளவில்தான் இருக்கும். ஆகவே 3க்குக் கீழே வந்தால் புரதமல்லாத நைட்ரஜன் எங்கிருந்தோ வருகிறது: உலராத அம்மோனியம் ஃபார்மேட், அல்லது நாக்டிலூக்கா.

6, 7 என்று ஏறினால் மேலே சொன்ன பச்சை, சுண்ணாம்பு, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் மாதிரியை நுண்ணோக்கியில் மறுபடி பாருங்கள், இந்த முறை ஊசியால் ஒவ்வோர் உடலையும் மெல்ல அழுத்தி. உள்ளே ஒன்றுமில்லாமல் தட்டையாக மடங்கினால் அவை உயிரிகளல்ல, உரித்துவிட்ட சட்டைகள். கைட்டினின் விகிதம் ஏறத்தாழ 7. நிறையச் சட்டைகள் சேர்ந்தால் சராசரி அங்கே இழுபடும். எந்த உடல் யாருடையது என்று அடையாளம் காண முடியாத கட்டத்தில் வகைபாட்டியலரைக் கூப்பிடுங்கள். இந்தத் துறையில் கருவிப் பொறியாளரைவிட அவரே அடிக்கடி தேவைப்படுவார்.

மாதிரி சுத்தமாக இருந்தும் எண் ஒவ்வாவிட்டால், அளந்த ஆய்வகத்திடம் அன்று ஓட்டிய அசெட்டனிலைடு (கார்பன், நைட்ரஜன் அளவு தெரிந்த தூய சேர்மம்) ஸ்டாண்டர்டின் எண்களைக் கேளுங்கள். கார்பன் 71.1, நைட்ரஜன் 10.4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். விலகியிருந்தால் மீதமுள்ள பங்கை மறுபடி ஓட்டச் சொல்லலாம். அதற்காகவே ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கைத் தொடாமல் உறைபெட்டியில் வைத்திருங்கள்.